ஒளிரும் காளான் பார்க்கப் போகிறவர்களுக்கு ஹெட்லாம்ப்: லூமனை (வெளிச்ச அளவை) பார்க்காதீர்கள், சுவிட்சைப் பாருங்கள்

மழைக்காலக் காட்டில், மட்கும் மரத்தில் பச்சையாக ஒளிரும் காளானைப் பார்க்க, தலையில் மாட்டிக்கொள்ளும், மூன்று ஏஏஏ பேட்டரியில் ஓடும் சிவப்பு ஒளி ஹெட்லாம்ப் அருமையான துணை. ஆனால் எல்லா மாடலும் சரிப்படாது.

பல மாடல்களில் வெள்ளையைத் தாண்டித்தான் சிவப்புக்குப் போக முடியும். காரியம் கெடுவதே அங்கேதான். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருமுறை பளிச்சென்று வெள்ளை ஒளி பட்டால் அந்தக் காத்திருப்பு வீண். சிவப்புக்குத் தனிப் பொத்தான் உள்ளதையே வாங்குங்கள். பேட்டரி அளவைக் காட்டும் குட்டிப் பச்சை எல்இடி இருந்தால் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். காளானின் ஒளியும் ஏறக்குறைய 520–530 நானோமீட்டர் பச்சைதான், அதைவிட மிக மங்கல்.

சிவப்பு ஒளிக்கும் குறை உண்டு. வேரும் பள்ளமும் தட்டையாகத் தெரியும். வெளிறிய மரப்பட்டையில் சிவப்புப் பெயின்டில் போட்ட வழிக்குறி கண்ணுக்கே தெரியாது. அதனால் இடம் சேரும்வரை வெள்ளை, சேர்ந்ததும் சிவப்பு, பிறகு முழு இருட்டு. காளானை நேராக உற்றுப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பாருங்கள். மங்கிய ஒளி அப்போதுதான் பிடிபடும். மரம் காய்ந்திருந்தால் எவ்வளவு நின்றாலும் பயனில்லை.

தண்ணீர் தாங்கும் தரத்தில், தூறலுக்கு ஐபிஎக்ஸ்4 போதும். ஓடை கடப்பதானால் ஐபிஎக்ஸ்7.

படமெடுக்க: விளக்கு வெளிச்சத்தில் கையால் ஃபோகஸ் வைத்து, அணைத்துவிட்டு, ட்ரைபாடில் எஃப்/2.8, ஐஎஸ்ஓ 3200, 30 விநாடியில் தொடங்குங்கள்.