சில்ஃப்ராவின் குளிருக்கு எது: தடித்த உள்ளுடையா, மின்சூடேற்றியா?

முக்குளிப்பவர்கள் தேடிப்போகும் ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் நீர் ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரி செல்சியஸ்தான். அவர்கள் அணியும் நீர்புகா உடையான டிரைசூட் நீரைத் தடுக்கும். குளிரைத் தடுப்பது உள்ளே அணிவதுதான்.

தடித்த செயற்கை இழை உள்ளுடை காற்றைச் சிறைப்பிடித்துச் சூட்டைக் காக்கிறது. கெட்டுப்போக அதில் எதுவுமில்லை. ஆனால் உடல் பொம்மைபோல் உப்பிவிடும். அந்தக் காற்றை அமிழ்த்த இடுப்பில் கூடுதல் ஈயம் கட்ட வேண்டும். தோளுக்குப் பின்னால் காற்று உருளையின் வால்வைத் திருகக் கை எட்டாமல் தவிப்பவர்களும் உண்டு.

பேட்டரியில் இயங்கும் சூடேற்றும் மேற்சட்டை மெல்லியது, சுகமானது. சிக்கல் பேட்டரி பாதியில் தீரும்போதுதான். நீருக்கடியில் உடல் சூடாக இருந்தால் இரத்த ஓட்டம் கூடித் திசுக்கள் அதிக நைட்ரஜனை ஏற்கும். மேலேறும்போது குளிர்ந்தால் அது வெளியேறத் தாமதமாகும். கரைந்த நைட்ரஜன் உடலுக்குள் குமிழிகளாகும் அழுத்தத் தளர்வு நோய்க்கு இதைவிடத் தோதான நிலை வேறில்லை. 2007இல் வெளியான அமெரிக்கக் கடற்படை ஆய்வும் இதையே உறுதிசெய்தது. ஆகவே சூட்டைத் தொடக்கத்திலேயே முழுதாக ஏற்றாமல், மேலேறும் நேரத்துக்கு மிச்சம் வைப்பதே புத்திசாலித்தனம். விமானத்தில் லித்தியம் பேட்டரியோடு படும் பாடு தனிக்கதை.

சில்ஃப்ராவில் அரைமணி நேர முக்குளிப்புக்குத் தடித்த உள்ளுடையே போதும். நீண்ட நேரம் ஆழத்தில் இருப்பவர்கள் சூடேற்றியை வாங்கட்டும். அப்போதும், அது அணைந்தாலும் தாங்கும் அளவுக்கு உள்ளுடை இருக்க வேண்டும்.