நியூஃபவுண்டா, நியூலி டிஸ்கவர்டா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் காவலூர் வானாய்வகத்தைப் பற்றி ஒரு சார்ட் போட்டோம். ஜவ்வாது மலையில் இருக்கும் அதை நடத்துவது இங்கே கோரமங்களாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். 1988-ல் காவலூரில் கண்டறிந்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள், எண் 4130. பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்து, 'நியூஃபவுண்ட் ஆஸ்டிராய்ட்' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிட்டேன்.

"ஆன்ட்டி, 1988-ல எங்கம்மாவே பொறக்கல. அது எப்படி நியூ?" என்றாள் ஒரு சிறுமி.

'நியூஃபவுண்ட்', 'நியூலி டிஸ்கவர்ட்' இரண்டும் அர்த்தத்தில் ஒன்றுதான். கல் பழசு, நம் கண்ணில் பட்டதுதான் புதுசு. வெறும் 'நியூ' போட்டால் கல்லே நேற்றுப் பிறந்ததாகிவிடும். 'நியூஃபவுண்ட்' பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மட்டுமே உட்காரும் என்பதும் தெரிந்ததே.

எனக்கு முடிவைச் சொன்னது வேறொன்று: சொல் பழசானால் என்ன செய்வது? 'நியூலி டிஸ்கவர்ட்' என்பதில் 'நியூலி'யைக் கழற்றிவிட்டு, 'டிஸ்கவர்ட் இன் 1988' என்று ஆண்டைச் சேர்த்தால் போதும். இன்னும் ஐம்பது வருஷம் கழித்துப் படித்தாலும் சரியாக இருக்கும். 'நியூஃபவுண்ட்' ஒட்டிப்பிறந்த சொல். அதிலிருந்து 'நியூ'வைப் பிரித்தால் மிச்சம் நிற்காது. நியூஃபவுண்ட்லேண்ட் தீவைப் பாருங்கள். ஜான் கபாட் 1497-ல் போன கடற்பயணத்தை ஒட்டி வந்த பெயர், ஐந்நூறு வருஷம் தாண்டியும் 'புதிதாகக் கண்ட நிலம்'தான். அங்கே அதற்கு முன்பே மக்கள் வாழ்ந்தார்கள் என்பது வேறு.

'புதிய' என்ற பொருளில் வரும் 'நாவல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதே கதி. 2012-ல் தெரியவந்த, மூச்சுக்கோளாறு தரும் மெர்ஸ் கிருமியை முதலில் 'நாவல் கொரோனாவைரஸ்' என்றார்கள். 2019-ல் இன்னொரு கிருமி வந்து அந்த அடைமொழியை வாங்கிக்கொண்டது. மருத்துவம் நான் அதிகம் எழுதியதில்லை, அதனால் இதை வாசகியாகத்தான் சொல்கிறேன்.

சார்ட்டில் வெள்ளைத் தாளைத் துண்டாக வெட்டி ஒட்டி, அதன்மேல் 'டிஸ்கவர்ட் இன் 1988' என்று அந்தச் சிறுமியையே எழுதவைத்தேன்.

அறிவியலுக்கு இனி இதுதான். மனசு சம்பந்தப்பட்டதென்றால் மட்டும் 'நியூஃபவுண்ட்' பக்கம் போவேன். அங்கே 'நியூலி டிஸ்கவர்ட்' ஆய்வறிக்கை மாதிரி விறைத்து நிற்கும். அவள் அம்மா இந்த ஜூனில்தான் ஸ்கூட்டர் பழகினார். இப்போது மழையிலும் தானே ஓட்டிவந்து மகளை விடுகிறார். அந்தத் தைரியத்துக்கு 'நியூஃபவுண்ட் கான்ஃபிடென்ஸ்' என்றுதான் எழுதுவேன்.