சேலத்தில் தீசிஸ் பிரிண்ட், பைண்டிங்: குறியீடு நிறைய இருந்தால் இந்தக் கடை

நாலு ரோடு பக்கம் சந்துக்குள் இருக்கும் சின்ன ஜெராக்ஸ் கடை இது. குறையும் ஒன்று சொல்லப்போவதால் பெயரைப் போடவில்லை. ஆனாலும் கணிதமோ இயற்பியலோ எழுதி முடித்துவிட்டு பிரிண்டுக்கு அலைகிறவர்களுக்கு இங்கேதான் போகச் சொல்வேன்.

என் தீசிஸ், கேயான் என்ற நுண்துகள்கள் புரோட்டானோடும் அணுக்கருவோடும் எப்படி வினைபுரிகின்றன என்ற கோட்பாட்டுக் கணக்கு. முதலில் போன வேறொரு பெரிய கடையில் பிடிஎஃப்பை வேர்டுக்கு மாற்றித்தான் அடிப்பார்களாம், அப்படி அடித்ததில் கே எழுத்தின் தலைமேல் இருந்த கோடெல்லாம் காணோம். "கோடு இல்லன்னா என்ன சார், எழுத்து தெரியுதுல்ல?" என்றார்கள். கோடு இருந்தால் எதிர்க்கேயான், இல்லாவிட்டால் கேயான். எதிர்க்கேயான் வகையான கே மைனஸில் ஸ்ட்ரேஞ்ச் என்ற வகைக் குவார்க் (துகளுக்குள் இருக்கும் அடிப்படைத் துகள்) இருப்பதால் அது புரோட்டானோடு சேர்ந்து லாம்டா, சிக்மா வகைத் துகளாக மாறலாம், ஈர்ப்பும் பலமாக இருக்கும். கேயான் வகையான கே பிளஸில் இருப்பது அதன் எதிர் குவார்க், அது அப்படி மாற வழியில்லை, லேசாக விலக்கும், அவ்வளவுதான். கோடு போனால் ஒரு அத்தியாயமே தலைகீழ்.

இந்தக் கடை அக்கா திரையில் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த கே மேல எல்லாம் கோடு வருதே, தூசியா, நீங்க போட்டதா?" என்று கேட்டார். அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் ஒரு பக்கம் மட்டும் அடித்துக் காட்டினார். இத்தாலியின் ஃபிராஸ்காட்டியில் சித்தார்த்தா என்ற ஆய்வுக் குழு கேயானிக் ஹைட்ரஜனை (எலக்ட்ரானுக்குப் பதில் கே மைனஸ் சுற்றும் ஹைட்ரஜன்) அளந்து 2011இல் வெளியிட்ட எண்கள் உள்ள பக்கம் அது: 1எஸ் என்ற அடி ஆற்றல் மட்டத்தின் நகர்வு -283 எலக்ட்ரான் வோல்ட், அகலம் 541. அந்த மைனஸ் மங்கலாக விழுந்திருந்தது, சொன்னதும் வேறு மெஷினில் போட்டுக் கொடுத்தார். மைனஸ் உதிர்ந்திருந்தால் வைவாவில் என்னை உரித்திருப்பார்கள். மைனஸ் என்றால் மட்டம் மேலே தள்ளப்படுகிறது என்று பொருள், அதைப் பார்த்தால் விலக்குவிசை மாதிரி தெரியும், உண்மையில் ஈர்ப்பு அவ்வளவு பலமாக இருப்பதால்தான் அப்படி. கே மைனஸ், புரோட்டான் இரண்டின் நிறையையும் கூட்டினால் வரும் 1432 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழேயே லாம்டா 1405 என்ற நிலை உருவாகிவிடுகிறது. டாலிட்ஸ், துவான் என்ற இயற்பியலாளர்கள் 1959இலேயே கணித்தது இது.

சரி, குறை. அணுக்கருவுக்குள் கே மைனஸ் உணரும் ஈர்ப்பு எவ்வளவு ஆழம் என்பது இன்னும் ஓயாத சண்டை. கைரல் சமச்சீர் என்ற கோட்பாட்டை வைத்துக் கட்டிய சில கைரல் மாதிரிகள் 50 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவில் நிற்கும், கேயானிக் அணுக்களின் தரவுக்கு நேரடியாகப் பொருத்தினால் 150, 200 என்று இறங்கும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நியூக்ளியான்கள் (புரோட்டான், நியூட்ரான்) கேயானை விழுங்குவதையும் சேர்க்காமல் கைரல் மாதிரி அந்தத் தரவோடு ஒத்துவராது. இந்த இரண்டு தரப்பையும் வரைபடத்தில் சிவப்பு, நீலக் கோடுகளாகப் போட்டிருந்தேன். கேட்காமலே கருப்பு வெள்ளையில் அடித்துவிட்டார்கள், இரண்டும் ஒரே சாம்பல்! மறுபடி அடித்தார்கள், காசு தனி. எந்தெந்தப் பக்கம் கலர் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பைண்டிங் சுத்தம். கருப்பு ரெக்ஸின், தங்க எழுத்து, முதுகில் தலைப்பு கோணாமல் இருந்தது. உட்கார இடம் கிடையாது. பக்கத்துத் தட்டுவடை செட் கடையில் நிற்கலாம், ஆனால் சட்னிக் கையோடு ப்ரூஃபைத் தொட்டால் அக்கா திட்டுவார். ஜிபே உண்டு, ஞாயிறு மதியத்தோடு மூடிவிடுவார்கள்.