1,850 வெள்ளி போச்சு: 'வாய்ஸ் ரைட்டிங்' பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

முந்தாநாள்தான் கடைசிப் பதில் வந்தது. பணம் திரும்பத் தர முடியாதாம். 1,850 வெள்ளி, பேநவ் வங்கிப் பரிமாற்றத்தில் ஒரே தடவையில் கட்டியது. பெயர் சொல்லவில்லை, சிங்கப்பூரில் சமூக ஊடகத்தில் விளம்பரம் போட்டு, வாடகை அறையில் வகுப்பு எடுக்கும் ஒரு பயிற்சி நிலையம். வாய்ஸ் ரைட்டிங் என்றால், நீதிமன்றத்தில் பேசுவதைக் கேட்டு முகமூடி மைக்கில் திரும்பச் சொல்ல, மென்பொருள் அதை எழுத்தாக்குவது. முகமூடி மைக், மென்பொருள், 6 வகுப்பு, சான்றிதழ் எல்லாம் அதில் அடக்கம் என்றார்கள்.

நம்ப வைத்தது டெமோ. பயிற்றுநர் முகமூடியை வாயில் அழுத்திக்கொண்டு முணுமுணுக்க, திரையில் கேள்வியும் பதிலும் நிறுத்தக்குறியோடு ஓடின. ஒரு பிழை இல்லை. அங்கேயே பணத்தைக் கட்டிவிட்டேன். ஏமாற்று அங்கேதான். இந்த மென்பொருள் ஒவ்வொருவர் குரலுக்கும் தனி புரொஃபைல் வைத்துப் பழகுவது. அன்று ஓடியது அவர் குரலுக்கு நன்றாகப் பழகியது, வாசித்ததும் அவரே கொண்டுவந்த பத்தி. புதுக் குரலுக்கு என்ன வரும் என்பதை அது காட்டவே இல்லை.

முகமூடியைப் பார்ப்போம். ஸ்டெனோமாஸ்க் எனும் இந்த மைக் முகமூடி வாயைச் சுற்றி இடைவெளியே இல்லாமல் அமர வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி இருப்பவருக்கு நாம் பேசுவது புரியக்கூடாது. இவர்கள் கொடுத்ததில் தாடைப் பக்கம் விரல் நுழைந்தது. மூச்சு நேராக மைக்கில் மோதி, சொல்லுக்குச் சொல் 'டப்' என்று அடித்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பாத்திரம் தேய்க்கிற மஞ்சள் ஸ்பாஞ்சை வெட்டிய துண்டு! யூஎஸ்பி ஒலி அடாப்டரும் இல்லை; மடிக்கணினியில் நேராகச் செருகினால் ஒரே இரைச்சல். 'கிளெய்மண்ட்' என்றால் 'கிளைமேட்' என்று விழுந்தது.

மென்பொருளின் உரிமச் சாவி ஏற்கெனவே வேறு கணினியில் பயன்படுத்தியது. மேக்கிலும் ஓடும், தமிழும் வரும் என்றார்கள். டிராகன் என்ற இந்த மென்பொருளின் மேக் பதிப்பு 2018இலேயே நின்றுவிட்டது. தமிழ் அதில் கிடையாது.

வகுப்பில் முக்கியமானதைத் தொடவே இல்லை. நீதிபதி, கேள்வி, பதில் என்று பேசுபவர் மாறும்போதெல்லாம் ஒரு குறுஞ்சொல் சொல்லியாக வேண்டும். அது ஆங்கிலத்தில் இல்லாத ஒலியாக இருந்தால்தான் சாட்சியின் சொல்லோடு குழம்பாது. நம்மவர் பெயர், சீனப் பெயர், சாலைப் பெயரை எல்லாம் முன்கூட்டியே மென்பொருளின் சொல்தொகுதியில் ஏற்ற வேண்டும். ஆறு வகுப்பிலும் இதைப் பற்றி ஒரு வரி வரவில்லை.

கேட்டதற்கு வந்த பதில்கள்: "புரொஃபைல் இன்னும் பழகலக்கா, ரெண்டு வாரம் பேசிப் பாருங்க." அப்புறம், "உங்க உச்சரிப்புதான் பிரச்சினை." அப்புறம், "மேனேஜர் ஜோகூர் பாரு போயிருக்கார்." பிறகு நீல டிக் மட்டும். கடைசியில், "ரீஃபண்ட் பாலிசியில இல்ல." 1,850 வெள்ளிக்கு ஒரு ரசீதுகூட இல்லை, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டும் பேநவ் பதிவும்தான் கையில்.

பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியதை முழுசாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, முக்கியமானது மட்டும். நீங்கள் கொண்டுபோன பக்கத்தை, உங்கள் குரலில், புதுப் புரொஃபைலில் 5 நிமிடம் பேசிப் பாருங்கள். உரிமச் சாவியை உங்கள் கணினியிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். "கோர்ட்டில் உட்காரும் வேலை" என்றால் நம்பாதீர்கள்: இங்கே விசாரணையை ஒலிப்பதிவு செய்து, அதிலிருந்துதான் எழுத்துப்படி எடுக்கிறார்கள், முகமூடி வேலை பெரும்பாலும் அமெரிக்காவில். சான்றிதழ் யார் கொடுப்பது என்று கேளுங்கள்.

ஏமாந்தவர்கள் இரண்டு ஆண்டுக்குள் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 5,000 வெள்ளிக்குள் என்றால் மனுக் கட்டணம் 10 வெள்ளி. அந்த 1,850 வெள்ளிக்கு நான் திங்கட்கிழமை மனு போடுகிறேன். இதே இடத்தில் கட்டியவர்கள் உரையாடல்களை அழித்துவிடாதீர்கள்.