பேரப்பிள்ளைக்குக் கதை: வீடியோ காலா, குரல்பதிவா?

பிள்ளைகள் நியூஜெர்சியிலோ லண்டனிலோ இருக்க, மயிலாப்பூரிலோ மடிப்பாக்கத்திலோ உட்கார்ந்து கதை சொல்ல நடைமுறையில் மூன்று வழி. வீடியோ காலில் நேராகச் சொல்லலாம். குரலைப் பதிந்து அனுப்பலாம். ஒரே படப்புத்தகத்தை இரண்டு வாங்கி, ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு சேர்ந்து படிக்கலாம். கடிதமும் உண்டுதான், ஆனால் தமிழ் எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அது. எங்கள் வீட்டில் நிலைத்தது குரல்பதிவு, அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

முகம் பார்த்துப் பேசுவதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று 2016-இல் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமிகூட வீடியோ காலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. கைக்குழந்தைக்கு அதுவே சரி. மூன்று வயதைத் தாண்டியபிறகுதான் சிக்கல், அதுவும் கடிகாரத்தால்.

கதைக்கு ஏற்ற நேரம் படுக்கும் நேரம். நியூஜெர்சியில் இரவு 8 மணி என்றால் சென்னையில் அங்கத்திய கோடையில் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30. சீக்கிரம் எழுகிற தாத்தா பாட்டிக்கு இது முடியும். கலிபோர்னியா என்றால் 8.30 அல்லது 9.30; அடுப்பில் குழம்பு, வாசலில் காய்கறி வண்டி, வேலைக்கு வரும் அம்மா எல்லாம் ஒரே சமயத்தில். லண்டனில் பிள்ளை 7.30-க்குப் படுத்தால் இங்கே நள்ளிரவு 12, குளிர்காலத்தில் 1 மணி, பேச்சுக்கே இடமில்லை. சிட்னியில் அதே 7.30 இங்கே மதியம் 3 அல்லது 2, பெரியவர்கள் கண்ணயரும் நேரம். சிங்கப்பூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்: அங்கே இரவு 8, இங்கே மாலை 5.30, ஆண்டு முழுவதும் மாறாது.

மற்ற ஊர்களில் மாறும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளி நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கிறது. பிரிட்டனுக்கு மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. சிட்னியில் நேர்மாறு, அக்டோபரில் முன்னே, ஏப்ரலில் பின்னே. பழகிய நேரம் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் நகர, அந்த வாரம் கதை தவறும். தவறியது பிறகு சனி ஞாயிறுக்குத் தள்ளிப்போகும். அங்கே சனி காலை, பிள்ளை விளையாட்டு மும்முரத்தில் இருக்கும்; "பாட்டிக்கு ஹாய் சொல்லு", "சாப்பிட்டியா கண்ணா" என்பதோடு கால் முடிந்துவிடும். தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் திரை வேண்டாம் என்பதும் அதே அகாடமியின் அறிவுரைதான்.

குரல்பதிவு இந்தத் தொல்லையைத் தாண்டிவிடுகிறது. நமக்கு வசதியான மதியத்தில் பதிந்தால், அங்கே விளக்கணைத்த பிறகு ஓடும். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பது பிள்ளைகளின் சுபாவம். பாட்டி வடை சுட்ட கதையைப் பத்தாம் முறை சொல்லும்போது நமக்குத்தான் அலுக்கும், பதிவுக்கு அலுப்பில்லை.

பதிவதில் சென்னைக்கென்றே சில இடைஞ்சல்கள். முதல் எதிரி மின்விசிறி: காற்று மைக்கில் பட்டால் கதை முழுக்க இரைச்சல். விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, துணி அடுக்கிய பீரோ இருக்கும் படுக்கையறையில் உட்காருங்கள். துணியும் மெத்தையும் எதிரொலியை விழுங்கிவிடும், கூடத்தில் அது நடக்காது. குக்கர் விசில் ஓய்ந்த பிற்பகல் 2 முதல் 3 வரை நல்ல நேரம். போனை வாய்க்கு நேரே பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வைத்தால் 'ப' எழுத்து மைக்கில் வெடிக்காது. ஏரோப்ளேன் மோடு அவசியம், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துபோகும்.

வாட்ஸ்அப் மைக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம். மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், நிறுத்தி நிறுத்தியும் பதியலாம். நான்கு வயதுக்கு ஐந்தாறு நிமிடம், ஏழு வயதுக்குப் பத்து நிமிடம் போதும். தொடக்கத்தில் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். "அப்புறம் நரி என்ன சொல்லிச்சு?" என்று கேட்டு மூன்று விநாடி சும்மா இருங்கள்; அந்த இடைவெளியில் பிள்ளை பதில் சொல்லும். அங்கே போனையே பிள்ளை கையில் கொடுத்தால் அடுத்த நிமிடம் யூடியூப் ஓடும், ஆகவே சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரில் போடச் சொல்ல வேண்டும். இந்த வேலை மகன், மருமகள் தலையில் விழுவது உண்மையான குறை. அவர்கள் மறந்தால் கதை போனிலேயே கிடக்கும்.

இரண்டு பிரதி வழிக்குச் சென்னைப் பதிப்பகமான தூலிகாவின் இருமொழிப் படப்புத்தகங்கள் பொருந்தும். வாங்க வேண்டாம் என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே இறக்கலாம். கேமரா முன் புத்தகத்தைக் காட்டும்போது நம் திரையில் எழுத்து இடவலம் மாறித் தெரியும். பதறிப் புத்தகத்தைத் திருப்பாதீர்கள், அங்கே நேராகத்தான் தெரியும். ஆனால் இதுவும் வீடியோ கால்தான், கடிகாரம் விடாது. பத்து வயதுக்கு மேல் குரல்பதிவு எவ்வளவு எடுபடும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த வயதில் சேர்ந்து படிப்பதே வெல்லக்கூடும்.

குரல்பதிவுக்குப் பராமரிப்பு உண்டு. குடும்பக் குழுவில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கடியில் புதைந்துவிடும். கதைக்கென்று தனிக் குழு தொடங்கி, அதில் மறையும் செய்தி வசதி (செய்திகள் குறித்த காலத்தில் தானாக அழிவது) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுளின் 15 ஜிபி இலவச இடத்திலேயே கணக்காகிறது, அது நிரம்பினால் பேக்கப் நின்றுபோகும், போன் மாற்றும்போது கதைகளும் போய்விடும். மாதம் ஒருமுறை பென்டிரைவில் ஏற்றிவிடுவது நல்லது. பத்து நிமிடக் கதை ஓரிரண்டு எம்பிதான். கோப்பின் பெயரை 01, 02 என்று எண்ணில் தொடங்கினால் வரிசை குலையாது.