லூபஸ் கிட்னிக்கு வந்தபோது: நான் எடுத்த மூன்று மருந்துகள்

லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய். கிட்னியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் லூபஸ் நெஃப்ரைட்டிஸ் (லூபஸால் வரும் கிட்னி அழற்சி), கடுமையான வகைகளில் ஒன்றான நான்காம் வகுப்பு என்று வந்தது. அதன்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மூன்று மருந்துகளைப் பார்த்துவிட்டேன். எது நோயை நன்றாக அடக்கும் என்பதைவிட எதன் தொல்லை நமக்குத் தாங்கும் என்று கேட்பதே உபயோகம் என்பது என் கட்சி.

முதலில் சைக்ளோபாஸ்பமைடு. எனக்குக் கொடுத்தது யூரோ-லூபஸ் முறை: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 500 மில்லிகிராம், மொத்தம் ஆறு டிரிப். மாதம் ஒரு முறை ஏற்றும் பழைய முறையில் அளவு இதைவிட அதிகம். மறுநாள் முழுக்கக் குமட்டல். சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கக்கூடிய மருந்து என்பதால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கருமுட்டைகளையும் பாதிக்கும், வயதும் மொத்த அளவும் கூடக்கூட ஆபத்தும் கூடும். குழந்தை வேண்டும் என்றால் முதல் டிரிப்புக்கு முன்பே அந்தப் பேச்சைப் பேசிவிடுங்கள். ஒரு நிம்மதி, மாத்திரை மறந்துபோகும் கவலை இல்லை.

அப்புறம் மைக்கோபினோலேட். 2009இல் வெளியான ஆல்ம்ஸ் ஆய்வில் 370 பேரை வைத்து இந்த இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் பலன் தெரிந்தவர்கள் மைக்கோபினோலேட்டில் சுமார் 56 சதவீதம், சைக்ளோபாஸ்பமைடில் 53. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் என் வயிறு வேறு கணக்குச் சொன்னது. வெளியே கிளம்பும் முன் கழிப்பறை எங்கே இருக்கும் என்று யோசிக்கும் நிலைமை. மைக்கோபினோலேட்டின் மோஃபெட்டில் வகையிலிருந்து சோடியம் வகை மாத்திரைக்கு மாற்றினார்கள், பாதித் தொல்லை போனது. இதில் 720 மில்லிகிராம் என்பது பழைய மாத்திரையின் 1000க்குச் சமம், எண் குறைந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம்.

இப்போது அசாதயோபிரின். குழந்தைக்குத் திட்டமிடுவதால் இந்த மாற்றம். மைக்கோபினோலேட் கருவின் வளர்ச்சியைக் கெடுக்கும், கர்ப்பத்துக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அசாதயோபிரினைக் கர்ப்பத்திலும் தொடரலாம். வயிற்றுக்கும் சாது. ஆனால் தொடங்கும் முன், இந்த மருந்தை உடலில் சிதைக்கும் டிபிஎம்டி என்ற நொதிக்கான பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அந்த நொதி குறைவாக இருந்தால் வெள்ளை அணுக்கள் மோசமாகச் சரியும். யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால் சாப்பிடுபவர் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. ஆல்ம்ஸ் ஆய்வின் அடுத்த கட்டத்தில், 36 மாதங்களில் சிகிச்சை தோற்றது அசாதயோபிரினில் 32 சதவீதம், மைக்கோபினோலேட்டில் 16. மெயின்டெயின் என்ற இன்னொரு ஆய்வில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் இரண்டாவதை நம்ப ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான்.

மூன்றோடும் கூடவே வந்தது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. முகம் வீங்கியது, தூக்கம் போனது, சர்க்கரை ஏறியது எல்லாம் இந்தப் புண்ணியவானால். இவர் மட்டும் என்னிடம் பூஜ்யம் நட்சத்திரம். லூபஸுக்கு அடிப்படை மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினை எதற்காகவும் நிறுத்தவில்லை, கண் பரிசோதனை மட்டும் தவறாமல் உண்டு. பெலிமுமாப், வோக்ளோஸ்போரின் என்ற புதிய மருந்துகளை நான் எடுத்ததில்லை, அதனால் மதிப்பெண் போட மாட்டேன்.

கிட்னி பாதிப்பைக் காட்டும் சிறுநீர்ப் புரதம் இப்போதைக்கு ஏறவில்லை. ஏறினால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸ் சேர்க்கலாம் என்கிறார் மருத்துவர், அதையும் கர்ப்பத்தில் எடுக்கலாமாம்.