கணினி திரும்பியது, படங்கள் திரும்பவில்லை: தக்கலை ஸ்டுடியோவின் பத்தாண்டு அனுபவம்

தக்கலையில் 2014 முதல் சிறிய ஸ்டுடியோ நடத்துகிறேன். திருமண ஆல்பம், அழைப்பிதழ், பாஸ்போர்ட் படம் எல்லாமே ஒரு விண்டோஸ் கணினியில்தான்.

முதல் மூன்று ஆண்டுகள், விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் வசதியை மட்டுமே நம்பியிருந்தேன். பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஒன்று கணினியை முடக்கியபோது, முந்தைய வாரத்து நிலையைச் சேமித்து வைத்திருந்த மீட்புப் புள்ளிக்குத் திரும்பி அரை மணி நேரத்தில் வேலையைத் தொடர்ந்தேன். அந்த நன்றி இன்றும் உண்டு.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. வாழையும் ரப்பரும் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, பல நாள் இருட்டு. பிறகு மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த ஒரு மாலையில் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. படங்களோடு, மீட்புப் புள்ளிகளும், விண்டோஸை மறுபடி நிறுவ வாங்கும்போதே இருந்த மீட்புப் பகுதியும் அதே டிஸ்க்கில் இருந்ததால் சேர்ந்தே போயின. சில மாதம் கழித்து குளச்சலிலிருந்து ஒருவர் வந்தார். தாயார் இறந்துவிட்டாராம், பேத்தியின் திருமணத்தில் எடுத்த படம்தான் கடைசிப் படம். “ஒன்றாவது இருக்குமா தம்பி?” என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு நெடுநேரம் ஆனது.

டிஸ்க் நன்றாக இருந்திருந்தாலும், அழிந்த படத்தை சிஸ்டம் ரீஸ்டோர் மீட்டிருக்காது. அது விண்டோஸின் சொந்தக் கோப்புகள், டிரைவர்கள், நிறுவிய மென்பொருள்கள், ரெஜிஸ்ட்ரி என்னும் அமைப்புப் பதிவேடு ஆகியவற்றையே பழைய நிலைக்குக் கொண்டுவரும். 2021இல் ‘கோப்புகளை வைத்துக்கொள்’ என்று தேர்ந்தெடுத்து விண்டோஸை ரீசெட் செய்தேன், அதாவது புதிதாக நிறுவியதுபோல் ஆக்கினேன். படங்கள் இருந்தன, நிறுவியிருந்த மென்பொருள்களும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவும் போய்விட்டன. பழைய அழைப்பிதழ்களைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல்! எழுத்துருக்களையும் இப்போது பேக்கப்பில் (காப்பு நகலில்) சேர்க்கிறேன்.

இன்று இரண்டு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்குகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ஒரு டிஸ்க்கில் நகலெடுத்ததும் அதைக் கழற்றிவிடுவேன். எப்போதும் செருகி வைத்தால் இடியோ, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரோ அதையும் சேர்த்தே தாக்கும். இன்னொன்று மார்த்தாண்டத்தில் அக்கா வீட்டில் இருக்கிறது; மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்கிறேன். கோப்புகளை இணையத்தில் அப்படியே பிரதியாக வைக்கும் கிளவுட் ஒத்திசைவு மட்டும் போதும் என்பவர்களுடன் நான் உடன்படவில்லை. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் அது சில நாள்தான் தங்கும்.

சிஸ்டம் ரீஸ்டோரை நிறுத்திவிடவில்லை. விண்டோஸ் 10இல் அது பல கணினிகளில் அணைந்தே இருக்கும், பார்த்து இயக்கிவிடுங்கள். டிரைவர் கோளாறுக்கு அதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது. ஆனால், நகலெடுத்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, ஏதாவது ஓர் ஆல்பத்தைத் திறந்து பார்த்த பிறகே அந்த மாத வேலை முடிந்ததாகக் கொள்கிறேன்.